சைக்கிள் பிரேமும் ஃபோர்க்கும்: எதில் செய்தது, எப்படி உடையும், எங்கே பார்ப்பது

பிரேமில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். செயின் ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) பிளந்தாலும் சீட் டியூப் (சீட்டின் கீழே நிற்கும் குழாய்) கிழிந்தாலும் வண்டி ஆட்டம் காணும், கிறீச்சிடும், பின்சக்கரம் ஒரு பக்கம் உரசும். இறங்கிப் பார்க்க நேரம் இருக்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்தால் அந்த நேரம் கிடையாது. முன்சக்கரம் கழன்ற அடுத்த நொடி ஆள் குப்புற விழுவார், கையை ஊன்றக்கூட முடியாது. அதனால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம். எடையைக் குறைப்பதற்காகப் பிரேமில் காட்டும் துணிச்சலை ஃபோர்க்கில் காட்டக் கூடாது. பழைய பிரேமில் புது ஃபோர்க் மாட்டலாம். எங்கே அடிபட்டது என்று தெரியாத பழைய ஃபோர்க்கை எந்த பிரேமிலும் மாட்டக் கூடாது.

ஒப்பிடும் முன் சில எண்கள்

ஸ்டீல், அலுமினியம், டைட்டானியம், கார்பன் ஃபைபர் ஆகிய நான்கிலும் நல்ல பிரேம் உண்டு, மட்டமான பிரேமும் உண்டு. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலையின் அடிப்படைச் சோதனைகள் நான்குக்கும் பொதுவானவை: பெடலில் 1,00,000 தடவை சுமை ஏற்றி இறக்குவது, 22.5 கிலோ எடையை உயரத்திலிருந்து விழவிட்டு மோதவைப்பது போன்றவை. தேறிய வண்டி புதிதாக இருக்கும்போது போதுமான உறுதியோடு இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாறு வருடம் வெயிலிலும் மழையிலும் ஓடி, நாலு தடவை கீழே விழுந்த பிறகு அது எப்படி இருக்கும் என்பதில்தான் பொருளுக்குப் பொருள் வித்தியாசம்.

ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீலின் எடை சுமார் 7.85 கிராம். டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, எபாக்சி பிசினோடு சேர்ந்த கார்பன் ஏறத்தாழ 1.6. விறைப்புக்கான எண்களை எடுத்தால் ஸ்டீல் சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியம் 105 முதல் 110, அலுமினியம் 70. அலுமினியம் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு எடை, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் அலுமினிய பிரேம் எப்படி இலேசாகவும் விறைப்பாகவும் வருகிறது? குழாயைப் பருமனாக்குவதால். சுவர்த்தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் இரண்டு மடங்கானால், வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். பழைய ஸ்டீல் பிரேமின் டவுன் டியூப் (ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) 28.6 மி.மீ. விட்டம், அலுமினியத்தில் அதே குழாய் 40 மி.மீ.க்கு மேலும் இருக்கும். இதற்கும் எல்லை உண்டு. விட்டம் சுவர்த்தடிமனைப்போல் 50 மடங்கைத் தாண்டினால் குழாய் எளிதில் நசுங்கும் என்பது பிரேம் கட்டுகிறவர்கள் கைக்கணக்கு.

அடுத்தது உலோக அயர்ச்சி. ஒரு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கிக்கொண்டே இருந்தால் அறுந்துபோகும் அல்லவா, அதேதான். ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் ஒரு வாசல் அளவு இருக்கிறது. தகைவு, அதாவது பொருளுக்குள் விழும் அழுத்தம், அதற்குக் கீழே இருக்கும்வரை எத்தனை லட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் விரிசல் தொடங்குவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. சின்னத் தகைவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால் அலுமினியத்தில் கட்டுகிறவர் குழாயில் விழும் தகைவை முதலிலேயே வெகுவாகக் குறைத்துவிடுவார். ஒழுங்காகக் கட்டிய அலுமினிய பிரேம், வெல்டிங்கில் சூடு மீறிய ஸ்டீல் பிரேமைவிடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும். “அலுமினியம் என்றால் பத்து வருடம்தான்” என்று காலக்கெடு சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். எந்தப் பிரேமுக்கும் ஆயுளை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை, சுமையும் அடியும்தான் தீர்மானிக்கின்றன.

ஸ்டீல்

ஸ்டீலில் இரண்டு ரகம் பழக்கத்தில் உள்ளன. விலை குறைந்த வண்டிகளில் வருவது ஹை-டென் என்ற சாதாரண ஸ்டீல். உறுதி குறைவு என்பதால் சுவரைத் தடிமனாக வைத்திருப்பார்கள், எடை கூடும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 குரோமோலி உறுதி மிக்கது. அதில் குழாயின் நடுப்பகுதியை மெலிதாக்கி, வெல்டிங் படும் இரண்டு முனைகளிலும் தடிமனை விட்டுவைக்க முடியும். 0.9, 0.6, 0.9 மி.மீ. என்று வரும் அளவுகள் இதைத்தான் குறிக்கின்றன. முனை தடித்த குழாய்க்கு ஆல்பிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்றது 1897இல். அந்த அடிப்படை இன்னும் மாறவில்லை.

ஸ்டிக்கர் உரிந்துபோன பழைய ஸ்டீல் பிரேமின் தரத்தை அறிய சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் கம்பம்) உருவிப் பாருங்கள். அதன் அடியில் விட்டம் பொறித்திருக்கும். சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 ஆக இருந்து, போஸ்ட் 27.2 என்றால் சுவர் சுமார் 0.7 மி.மீ.தான், நல்ல குழாய். போஸ்ட் 25.4 என்றால் சுவர் ஒன்றரை மி.மீ.யைத் தொடும், அது பெரும்பாலும் ஹை-டென். ஹை-டென் ஆபத்தானது என்று அர்த்தமில்லை. கனமானது, அவ்வளவே. சாமான் ஏற்றி ஓட்டுகிறவருக்கு அந்தத் தடித்த சுவர் உதவவும் செய்யும்.

ஸ்டீலின் பெரிய நன்மை, உடையும் முன் வளைவது. முன்புறம் மோதிய வண்டியில் ஹெட் டியூபுக்கு (ஃபோர்க்கின் கழுத்து செருகும் முன்குழாய்) சற்றுப் பின்னால், டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் சுருக்கம் விழுந்து, குழாய் லேசாகப் புடைத்திருந்தால் பிரேம் மடங்கியிருக்கிறது. ஃபோர்க்கில் இதே அடையாளம் கிரவுனுக்கு (இரண்டு கால்களும் சேரும் இடம்) கீழே தெரியும்.

ஸ்டீலின் எதிரி துரு. வெளியே தெரியும் துரு பெரிய விஷயமில்லை, உப்புத்தாள் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. குழாய்க்குள் இருப்பதுதான் பிரேமைத் தின்னும். சீட் டியூப் வழியாக இறங்கும் தண்ணீர், பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் கூட்டில் தேங்கி, செயின் ஸ்டேயின் வேர் பக்கமாக அரிக்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள்:

1. சீட் போஸ்ட், பாட்டம் பிராக்கெட், ஃபோர்க், தண்ணீர் பாட்டில் திருகாணி எல்லாவற்றையும் கழற்றி, பிரேமைத் தலைகீழாக நிறுத்தி முழுதாகக் காயவிடுங்கள்.
2. பாட்டம் பிராக்கெட் கூட்டின் அடியில் வடிதுளை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள்.
3. ஸ்க்ரூடிரைவர் முனையால் கூட்டைச் சுற்றியும் செயின் ஸ்டே வேரிலும் அழுத்துங்கள். பெயின்ட் கொப்பளித்த இடத்தில் உள்ளே இறங்கினால் அந்தப் பிரேமின் கதை முடிந்தது.
4. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே அல்லது காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி உட்சுவர் நனையவிடுங்கள். மிச்சத்தை வடித்து ஒரு நாள் காயவையுங்கள்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

பழுது பார்ப்பதிலும் ஸ்டீலுக்குத்தான் முதலிடம். குழாயையே வெட்டி மாற்றலாம், பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் இடைவெளியை 126இலிருந்து 130 மி.மீ.க்குக் கையால் விரிக்கவும் செய்யலாம். ஆனால் ரிம் பிரேக்குக்காகச் செய்த ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் தாங்கியை வெல்டிங் செய்து ஒட்ட வேண்டாம். டிஸ்க் பிடிக்கும் விசை முழுக்க இடது காலின் கீழ்ப்பகுதியில் இறங்கும். அந்தக் கால் அதற்காகத் தடிமனாக்கப்பட்டதில்லை.

அலுமினியம்

அதிகம் புழங்குவது 6061, 7005 என்ற இரண்டு கலவைகள். 6061 வெல்டிங் ஆனதும் இணைப்பைச் சுற்றி உறுதி இழந்துவிடும். முழு பிரேமையும் உலையில் சூடாக்கித் தணித்து, மறுபடி மிதமான சூட்டில் முதிரவைத்தால்தான் டி6 என்ற முழு உறுதி நிலைக்குத் திரும்பும். 7005க்கு முதிரவைப்பது மட்டும் போதும். விரிசல் விட்ட அலுமினிய பிரேமைத் தெருமுனை வெல்டரிடம் கொடுத்து ஒட்டுவதில் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுதான். ஒட்டு பிடிக்கும், ஒட்டுக்கு இரண்டு பக்கமும் மெத்தென்று ஆகிவிட்ட உலோகம் சில வாரத்தில் மறுபடி கிழியும்.

விரிசல் பெரும்பாலும் வெல்டின் ஓரத்தில், மேடு முடிந்து குழாய் தொடங்கும் கோட்டில் பிறக்கும். டவுன் டியூப் ஹெட் டியூபோடு சேரும் இடத்தின் அடிப்பக்கம், சீட் டியூபின் மேல் வாயில் உள்ள பிளவின் முனை, வலதுபக்கச் செயின் ஸ்டேயின் வேர், பின் டிராப்அவுட் ஆகிய நான்கு இடங்களையும் முதலில் பாருங்கள். சீட் டியூப் விரிசலுக்குப் பெரும்பாலும் ஓட்டுகிறவரே காரணம். சீட்டை உயர்த்த வேண்டி போஸ்ட்டைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இழுத்துவிடுவார். போஸ்ட் உள்ளே குறைந்தது 100 மி.மீ. இருக்க வேண்டும். மேல் குழாய் சீட் டியூபோடு சேரும் இடத்தையும் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு நீளம் போதாவிட்டால் போஸ்ட்டை மாற்றுங்கள்.

வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தாதீர்கள், டிராப்அவுட்டை விரிக்காதீர்கள். தனியாகத் திருகாணியில் மாட்டியிருக்கும் கியர் தாங்கிக்கு மட்டும் விலக்கு. அது வளைவதற்காகவே வைத்தது. ஒரு தடவை நிமிர்த்தலாம், அடுத்த தடவை மாற்றிவிடுங்கள். வழவழப்பான சின்ன நசுங்கலோடு ஓட்டலாம். கூரான மடிப்போடு நசுங்கியிருந்தாலோ நசுங்கல் வெல்டைத் தொட்டாலோ ஓட்டக் கூடாது.

ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் மாட்டும்போது கிரீஸ் கட்டாயம். இரண்டு உலோகத்துக்கும் இடையில் ஈரம் இருந்தால் மின்வேதி அரிப்பால் அலுமினியம் உப்பிக்கொண்டு, போஸ்ட்டும் குழாயும் ஒன்றாக இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உருவித் துடைத்து மறுபடி மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

டைட்டானியம்

துருப்பிடிக்காது, அயர்ச்சியைத் தாங்கும், சொன்னதெல்லாம் உண்மை. 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் கலந்த குழாய்தான் பெரும்பாலும் வரும். ஆனால் எல்லாம் வெல்டரின் கையில் இருக்கிறது. சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு சூழ்ந்திருக்க வெல்டிங் செய்ய வேண்டும். வெல்ட் வெள்ளியாகவோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது. அடர் நீலம், ஊதா, அதைவிட மோசமாகச் சாம்பல் பூத்த வெண்மை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. வெளிப்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறைத்துவிடலாம் என்பதால், போஸ்ட்டை உருவிவிட்டு டார்ச் அடித்துச் சீட் டியூபின் உட்பக்கத்தைப் பாருங்கள். டைட்டானிய மரையில் எதைத் திருகினாலும் இறுக்கத்தடுப்புக் கிரீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் மரை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். டைட்டானிய ஃபோர்க் அபூர்வம். அதிகமாக வளைந்துகொடுக்கும் என்பதால் பெரும்பாலோர் கார்பன் அல்லது ஸ்டீல் ஃபோர்க்கையே போடுகிறார்கள்.

கார்பன்

கார்பன் உலோகமல்ல. நார் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் உறுதி. அதனால் நார்ப் படிமங்களை (அடுக்குகளை) வெவ்வேறு கோணத்தில் அடுக்கி, பெடல் விசை, பிரேக் விசை, சாலை அதிர்வு எல்லாவற்றையும் கணக்கிட்டிருப்பார்கள். கணக்கில் வராத திசையிலிருந்து வரும் விசைதான் அதைக் கெடுக்கும்: பக்கவாட்டில் விழும் கூரான அடி, கிளாம்ப் போட்டு நசுக்குவது, வண்டியைக் கிடத்தி அதன்மேல் இன்னொரு வண்டியை அடுக்குவது. அயர்ச்சியில் கார்பன் மிக நன்றாகத் தாங்கும். அடிபடாத, சரியாக இறுக்கிய கார்பன் பிரேம் ஓட்டத்தால் மட்டும் தேய்ந்து உடைவது அரிது.

சிக்கல் என்னவென்றால் அது வளைந்து காட்டாது. அடி விழுந்த இடத்தில் வெளியே சின்னக் கீறல். உள்ளே படிமங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். ஸ்டீலில் இருக்கும் எச்சரிக்கை இங்கே குறைவு.

அடிபடும் இடங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விழும்போது ஹேண்டில்பார் சுழன்று மேல் குழாயில் இடிக்கும் இடம், கல் தெறிக்கும் டவுன் டியூபின் அடி, சங்கிலி கழன்று சிக்கும்போது பல்சக்கரத்துக்கும் செயின் ஸ்டேக்கும் நடுவே அரைபடும் இடம். மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை. சங்கிலி சிக்கிய பிறகும் பெடலை அழுத்தியதால் செயின் ஸ்டேயின் உட்பக்கத்தில் நார் தெரியும் அளவுக்குப் பள்ளம் விழுந்த பிரேம்கள் நிறைய.

பழுது பார்க்கும் ஸ்டாண்டில் மேல் குழாயைக் கவ்வவிடாதீர்கள், சீட் போஸ்ட்டைக் கவ்வவிடுங்கள். காரின் பின்னால் மாட்டும்போது புகைக்குழாய்க்கு நேராகச் சக்கரமோ பிரேமோ வந்தால் பிசின் இளகிவிடும். பழைய பெயின்ட்டை எடுக்க ரசாயனப் பெயின்ட் நீக்கியைத் தொடவே கூடாது, அது எபாக்சியையும் கரைக்கும். கார்பனோடு அலுமினியம் நேரடியாகத் தொட்டு ஈரம் பட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். பாட்டில் திருகாணி மரைகள் பிரேமிலிருந்து கழன்று சுற்றுவதற்கு இது ஒரு காரணம்.

கார்பன் பிரேமை அதற்கென்றே பயின்றவர்களால் நன்றாகப் பழுது பார்க்க முடியும். உடைந்த படிமங்களைச் சீவி எடுத்து, அதே கோணத்தில் புது நார் வைத்து இறுக்குவார்கள். ஃபோர்க்கையும் ஹேண்டில்பாரையும் பழுது பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஃபோர்க்கின் கழுத்து

ஃபோர்க்கில் அதிகத் தகைவு விழுவது ஹெட் டியூபுக்குள் செல்லும் ஸ்டியரர் குழாயில். அதிலும் இரண்டே இடம்: கீழே பேரிங்கைத் தாங்கும் கிரவுன் ரேஸ் உட்காரும் வளையம், மேலே ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் கீழ் விளிம்பு. விலை குறைந்த கார்பன் ஃபோர்க் பலவற்றில் கால்கள் மட்டும்தான் கார்பன், ஸ்டியரர் அலுமினியம். நூறு இருநூறு கிராம் கூடினாலும், தானே மாட்டித் தானே கழற்றுகிறவருக்கு அது நல்ல தேர்வு என்பேன். முழுக் கார்பன் ஸ்டியரர் தப்பே இல்லை, மாட்டுவதில் ஒழுங்கு வேண்டும்:

1. வெட்டும் அளவைக் குறியுங்கள். ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. வளையம் ஒன்று வைத்து, அந்த வளையத்தின் மேல் விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. தாழ வெட்டுங்கள். ஸ்டெம் முழு உயரத்துக்கும் குழாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மேல் வளையம்.
2. ஸ்டெம்முக்குக் கீழே எவ்வளவு வளையம் அடுக்கலாம் என்று தயாரிப்பாளர் கையேட்டில் எண் இருக்கும். 30, 40 மி.மீ. என்பது வழக்கமான உச்சம். ஹேண்டில் இன்னும் உயரம் வேண்டுமானால் மேல்நோக்கிக் கோணமுள்ள ஸ்டெம் வாங்குங்கள்.
3. வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ரம்பத்தால், வழிகாட்டிச் சட்டத்துக்குள் வைத்து அறுங்கள். முகக்கவசம் அவசியம், கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள்.
4. நட்சத்திர நட்டைக் கார்பன் குழாய்க்குள் அடிக்கவே கூடாது, அது உட்சுவரைக் கிழிக்கும். விரியும் பிளக் போடுங்கள். அந்தப் பிளக் ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும். கிளாம்ப் நசுக்காமல் தாங்குவதும் அதன் வேலை.
5. ஸ்டெம்மின் உள் விளிம்பை விரலால் தடவுங்கள். பிசிறு இருந்தால் தேய்த்துவிடுங்கள். குழாயில் கிரீஸ் கூடாது.
6. மேல் மூடியை ஹெட்செட் (ஸ்டியரர் சுழலும் பேரிங்) ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். பிறகு ஸ்டெம் போல்ட் இரண்டையும் மாறி மாறி, கால் திருப்பாக, ஸ்டெம்மில் அச்சிட்ட அளவு வரை இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடாதீர்கள். கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் ஆலன் கீயால் இறுக்கும்போது அளவை மீறுவார்.

ஃபோர்க்கை மாற்றும்போது அச்சு முதல் கிரவுன் வரை உள்ள நீளத்தை அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். 20 மி.மீ. நீளமான ஃபோர்க் ஹெட் கோணத்தைச் சுமார் ஒரு பாகை சாய்க்கும், ஹெட் டியூபில் விழும் நெம்பும் விசையும் கூடும். 100 மி.மீ. சஸ்பென்ஷனுக்குக் கட்டிய அலுமினிய பிரேமில் 140 மாட்டினால் டவுன் டியூப் வெல்ட்தான் விலை கொடுக்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஸ்டியரர் கிரவுனுக்குள் அழுத்திச் செருகப்பட்டது. முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அழுத்தும்போது அங்கிருந்து கிறீச்சென்ற சத்தம் வந்தால் செருகல் தளர்ந்திருக்கிறது. ஹெட்செட்டில் இருந்து அல்ல என்று உறுதியானால் மேல்பகுதியை முழுதாக மாற்ற வேண்டும். பசை ஊற்றுவது மருந்தல்ல.

எப்படிச் சோதிப்பது

அழுக்கு வண்டியில் விரிசல் தெரியாது. கழுவித் துடைத்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் மறைகிற கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். பிறகு பஞ்சுத் துணியால் எல்லா இணைப்பையும் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் நின்று பாருங்கள்.

கோடு பெயின்ட்டில் மட்டுமா, உலோகத்திலுமா? விரிசல் என்றால் அதிலிருந்து துருக்கசிவோ கறுப்புத்தூளோ வரும், சுமை ஏற்றினால் வாய் திறக்கும். சந்தேகம் தீராவிட்டால் சாயம் ஊடுருவும் சோதனை செய்யலாம். உலோகத்துக்கு மட்டும்தான் இது. கோட்டைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் பெயின்ட்டை நீக்கி, சுத்தம் செய்யும் ஸ்பிரேயால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மேலே உள்ள சாயத்தைத் துணியால் துடையுங்கள். சுத்தம் செய்யும் ஸ்பிரேயைத் துணியில்தான் அடிக்க வேண்டும்; நேராகக் குழாயில் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகும். கடைசியாக வெள்ளைப் பூச்சை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு ஊறி வரும்.

கார்பனுக்கு நாணயம். அதன் விளிம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். நல்ல இடத்தில் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்பது, படிமம் பிரிந்த இடத்தில் ‘தொப்’பென்று அமுங்கும். வலது இடது என ஒரே இடத்தை இரண்டு பக்கமும் தட்டி ஒப்பிடுவதுதான் சூட்சுமம். பாட்டம் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் தடிமன் மாறுவதால் சத்தமும் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தி மெத்தென்று இருந்தால் பேச்சே இல்லை, ஓட்டக் கூடாது. சத்தத்தில் குறை தெரியாததால் மட்டும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பெரிய அடி பட்டிருந்தால் மீயொலிச் சோதனைக்குக் கொடுங்கள்.

பிரேம் கோணலா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் டிராப்அவுட் ஒன்றில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறு டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃபோர்க்குக்குச் சக்கரமே அளவுகோல். முன்சக்கரத்தை மாட்டி ரிம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சக்கரத்தை இடவலம் மாற்றி மாட்டுங்கள்; டிஸ்க் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ரிம் அதே பக்கம் ஒதுங்கினால் ஃபோர்க் கோணல். மறுபக்கம் ஒதுங்கினால் கோளாறு சக்கரத்தின் கம்பி இழுப்பில்.

கார்பன் ஸ்டியரரை வருடத்துக்கு ஒரு முறை ஸ்டெம்மைக் கழற்றிப் பாருங்கள். நேருக்கு நேர் மோதிய பிறகு கார்பன், அலுமினிய ஃபோர்க்கில் குறை எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவதே சரி. ஸ்டீல் ஃபோர்க் லேசாக வளைந்திருந்தால் பிரேம் கட்டத் தெரிந்தவர் அச்சுச் சட்டத்தில் வைத்து ஒரு தடவை நிமிர்த்தலாம். சுருக்கம் விழுந்திருந்தால் அதுவும் கூடாது.

யாருக்கு எது

வாங்கும் முன் சீட் டியூபின் அடியில் எந்தப் பாதைக்கு ஏற்ற வண்டி என்று சொல்லும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 வகை எண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். 1 என்றால் தார்ச்சாலை மட்டும். 2 என்றால் மண்பாதையும் 15 சென்டிமீட்டர் வரை குதிப்பும். 3க்கு 61 சென்டிமீட்டர் வரை. பக்கத்தில் எழுதிய உச்ச எடையில் ஆள் மட்டுமா, வண்டியும் மூட்டையும் சேர்த்தா என்பதையும் கையேட்டில் உறுதி செய்யுங்கள்.

வருடம் முழுக்கச் சாமானோடு, பராமரிப்புக்கு நேரமில்லாமல் ஓட்டுகிறவருக்கு 4130 பிரேமும் ஸ்டீல் ஃபோர்க்கும். மழையில் நனைந்து வெளியே நிற்கும் வண்டிக்கு அலுமினிய பிரேமும் ஸ்டீல் அல்லது அலுமினிய ஸ்டியரர் உள்ள ஃபோர்க்கும். எடையும் வேகமும் வேண்டி, டார்க் ரெஞ்ச் கையில் வைத்திருப்பவருக்குக் கார்பன். பழைய வண்டி வாங்குகிறவர் கார்பனைக் கடைசியாக யோசிக்க வேண்டும். ஸ்டெம்மைக் கழற்றிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் யோசிக்கவே வேண்டாம். டைட்டானியம், கட்டியவர் யார் என்று தெரிந்தால் மட்டும்.

கழித்துப் போட்ட ஃபோர்க்கை அப்படியே குப்பையில் வைக்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். ஸ்டியரரைக் கிரவுனுக்கு மேலேயே அறுத்துவிட்டுப் போடுங்கள்.